மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றால்: முதல் நிமிடம் முதல் வீடு திரும்பித் தேறும் வரை முழுமையான வழிகாட்டி

இதயம் நின்றுபோன பிறகு மூளை தாக்குப்பிடிப்பது நான்கிலிருந்து ஆறு நிமிடம்தான். அதைத் தாண்டினால் மூளைச் செல்கள் சாகத் தொடங்கும். கூப்பிட்ட ஐந்தாவது நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நிற்பது நம் ஊர்களில் அபூர்வம். ஆகவே அந்த நிமிடங்கள் பக்கத்தில் இருப்பவர் கையில்தான் இருக்கின்றன. மனைவி, மகன், எதிர்வீட்டுக்காரர், பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் நின்றவர் என்று யாராகவும் இருக்கலாம். அவர் நெஞ்சை அழுத்தினாரா, இல்லையா என்பதைப் பொறுத்தே பின்னால் வரும் ஐ.சி.யூ., ஆஞ்சியோ, வென்டிலேட்டர் எல்லாவற்றுக்கும் அர்த்தம் வருகிறது.

டென்மார்க்கில் நடந்ததைப் பாருங்கள். 2005-இல் பள்ளிகளிலும், அடுத்த ஆண்டு ஓட்டுநர் உரிமம் எடுப்பவர்களுக்கும் சி.பி.ஆர். (நெஞ்சை அழுத்தி ரத்தத்தை ஓடவைக்கும் முதலுதவி) பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். 2001-இல், மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களில் ஏறத்தாழ 21 சதவீதம் பேருக்குத்தான் பக்கத்தில் இருந்தவர்கள் நெஞ்சை அழுத்தினார்கள். 2010-இல் அது 45 சதவீதத்தை நெருங்கியது. அதே காலத்தில், 30 நாள் தாண்டி உயிரோடு இருந்தவர்கள் 3.5 சதவீதத்திலிருந்து 10.8 சதவீதமாக உயர்ந்தார்கள். மருத்துவச் சிகிச்சையும் அந்த ஆண்டுகளில் முன்னேறியது உண்மைதான். ஆனால் பக்கத்தில் இருந்தவர்களின் கை இல்லாமல் இவ்வளவு உயர்வு வந்திருக்காது என்றே தோன்றுகிறது.

மாரடைப்பா, இதயம் நின்றதா?

இரண்டையும் ஒன்றாகவே பேசுகிறோம். ஆனால் செய்ய வேண்டியது வேறு. மாரடைப்பில் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுகிறது. நெஞ்சு அழுத்தும், வியர்க்கும், இடது கையோ தாடையோ வலிக்கும். ஆனால் ஆள் பேசுவார். அவரை உட்காரவைத்து, நடக்கவிடாமல், 108-ஐ அழைக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் கட்ட மாத்திரைகள் தருகிறார்கள். பெரிய ஆஸ்பத்திரி தூரமாக இருந்தால் இது தெரிந்திருப்பது நல்லது.

இதயம் நின்றால் ஆள் சட்டென்று சரிந்துவிடுவார். கூப்பிட்டால் பதில் இருக்காது. மூச்சு இருக்காது, அல்லது சரியாக இருக்காது. மாரடைப்பு முற்றி இப்படி ஆகலாம். இதயத் தசை நோய், இதயத்தின் சொந்த மின் ஓட்டத்தில் கோளாறு, கரன்ட் ஷாக், நீரில் மூழ்குவது ஆகியவற்றாலும் ஆகலாம்.

வாட்ஸ்அப்பில் வருடக்கணக்காகச் சுற்றும் ஒரு செய்தி உண்டு: தனியாக இருக்கும்போது நெஞ்சு வலித்தால் வேகமாக இருமினால் தப்பிக்கலாம் என்று. நம்பாதீர்கள். இருமி வீணாக்கும் நேரத்தில் 108-க்கு போன் போட்டு, வாசல் கதவைத் திறந்துவைத்துவிட்டு உட்காருங்கள்.

முதல் பத்து விநாடி: பார்க்க வேண்டியது இரண்டே விஷயம்

முதலில் உங்களுக்கு ஆபத்து இல்லையா என்று பாருங்கள். கரன்ட் அடித்தவரை மெயின் சுவிட்சை அணைக்கும் முன் தொடவே கூடாது. நடுரோடு என்றால் வண்டிகளை யாராவது நிறுத்தட்டும்.

அப்புறம் இரண்டு தோள்களையும் தட்டி, காதருகே சத்தமாகக் கூப்பிடுங்கள். அசைவு இல்லையென்றால் நெஞ்சைப் பாருங்கள்: சீராக ஏறி இறங்குகிறதா? பத்து விநாடிக்கு மேல் இதில் செலவழிக்க வேண்டாம். நாடி பிடித்துப் பார்க்கவும் வேண்டாம். பதற்றத்தில் நம் விரல் துடிப்பையே அவருடையது என்று நினைத்துவிடுவோம்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் பலருக்கு வாய் பிளந்து, குறட்டை போல, விட்டுவிட்டு ஒரு மூச்சு வரும். தாடை மேலே இழுக்கும், சில விநாடி ஒன்றும் இருக்காது, திரும்ப ஒரு இழுப்பு. "மூச்சு இருக்கு, இருக்கு" என்று சுற்றி நிற்பவர்கள் சொல்வார்கள். அது மூச்சில்லை. மூளைத்தண்டு கடைசியாக அனுப்பும் அனிச்சை இழுப்பு அது. நுரையீரலுக்கு அதனால் போதிய காற்றுப் போவதில்லை. சிலருக்கு முதலில் கைகால் வெட்டி இழுக்கும். வலிப்பு என்று நினைத்துச் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார்கள். விழிப்பு இல்லை, சரியான மூச்சும் இல்லை என்றால் இதயம் நின்றதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

முகத்தில் தண்ணீர் அடிப்பது, வாயில் சோடா ஊற்றுவது, உள்ளங்காலைத் தேய்ப்பது, தூக்கி உட்காரவைப்பது எதுவும் வேண்டாம். நினைவில்லாதவர் வாயில் ஊற்றும் தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போகும்.

ஒருவேளை இதயம் நிற்காமல் வெறும் மயக்கமாக இருந்து நீங்கள் அழுத்திவிட்டால்? அவர் முனகுவார், கையைத் தள்ளுவார், நீங்கள் நிறுத்திவிடலாம். பெரிய கேடு வருவது அரிது. நின்ற இதயத்தை அழுத்தாமல் விட்டால் உயிரே போய்விடும்.

அழைப்பு

தமிழ்நாட்டில் 108, இந்தியா முழுக்க 112, இலங்கையில் 1990, சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999. தனியாக இருந்தால் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்துவிட்டு அழுத்த ஆரம்பியுங்கள். "மூச்சு இல்லை, நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்கிறேன்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். முகவரியோடு அடையாளமும் வேண்டும்: எந்தக் கோயில் எதிரில், எந்த ரேஷன் கடைச் சந்து. கூட ஆள் இருந்தால் ஒருவரைப் பெயர் சொல்லி, அல்லது விரல் நீட்டி, "நீங்க 108-க்குப் பண்ணுங்க" என்று சொல்ல வேண்டும். பொதுவாகச் சொன்னால் எல்லோரும் அடுத்தவர் செய்வார் என்று இருப்பார்கள். இன்னொருவர் தெருமுனையில் நிற்கட்டும். அபார்ட்மென்ட் என்றால் ஒருவர் லிஃப்டைப் பிடித்துவைக்கட்டும்.

நெஞ்சை அழுத்துவது

கட்டிலில் இருப்பவரைத் தரைக்கு இறக்குங்கள். மெத்தையில் அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும். மல்லாக்கப் படுக்கவைத்து, நெஞ்சை ஒட்டி முழங்கால் போடுங்கள். நடுநெஞ்சில், மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வையுங்கள். மற்றக் கையை அதன்மேல் வைத்து விரல்களைக் கோத்துக்கொள்ளுங்கள். இதயம் இடப்பக்கம் என்று நினைத்து இடதுபுறம் நகர வேண்டாம். முழங்கையை மடக்காமல், உங்கள் தோள் அவர் நெஞ்சுக்கு நேர் மேலே வரும்படி சாய்ந்து, உடம்பின் எடையால் அழுத்துங்கள். கை வலுவால் அழுத்தினால் ஒரு நிமிடத்தில் சோர்ந்துவிடுவீர்கள்.

ஆழம் 5 செ.மீ.க்குக் குறையாமல், 6 செ.மீ.க்கு மிகாமல். நினைப்பதைவிட இது அதிகம். பெரும்பாலானவர்கள் பயந்து மெதுவாகவே அழுத்துகிறார்கள். முதல் சில அழுத்தங்களிலேயே உள்ளங்கைக்குக் கீழே 'மளுக்' என்று ஒரு சத்தம் கேட்கலாம், ஏதோ நழுவியது போலவும் இருக்கலாம். விலா எலும்போ அதன் குருத்தெலும்போ விட்டுக்கொடுக்கும் சத்தம் அது, வயதானவர்களிடம் இன்னும் அதிகம். அந்த நொடியில் கை தானாகவே பின்வாங்கும். பின்வாங்காதீர்கள். கை நடுவில்தான் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு தொடருங்கள். விலா ஒரு மாதம் ஒன்றரை மாதத்தில் கூடிவிடும்.

வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120, அதாவது விநாடிக்கு இரண்டுக்குச் சற்றுக் குறைவு. எண்ணும்போது ஒரு சிக்கல் வரும். ஒன்று முதல் பத்து வரை சரியாகப் போகும். 'இருபத்தேழு, இருபத்தெட்டு' என்று வரும்போது வாய் நீண்டு, கையும் தாமதமாகும். அதனால் ஒன்றிலிருந்து பத்து வரை, அதையே மூன்று முறை எண்ணுங்கள்.

ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலே வர விடுங்கள், ஆனால் கையை எடுக்காதீர்கள். நெஞ்சு எழும்பும் அந்த நேரத்தில்தான் இதயத்துக்குள் ரத்தம் நிரம்பும், இதயத்தின் சொந்தக் குழாய்களுக்கும் ரத்தம் ஓடும். களைப்பில் நெஞ்சின் மேலேயே சாய்ந்து நிற்பது எல்லோரும் செய்யும் தவறு.

நிறுத்தாமல் அழுத்துவதுதான் இதில் மிக முக்கியம். நன்றாகச் செய்தாலும் சி.பி.ஆர். தருவது இயல்பான ரத்த ஓட்டத்தில் கால்பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு. அதற்கான ரத்த அழுத்தமும் பல தடவை தொடர்ந்து அழுத்திய பிறகுதான் ஏறும். நிறுத்தினால், மோட்டார் நின்றதும் குழாயில் ஏறிய தண்ணீர் இறங்கிவிடுவது போல உடனே விழுந்துவிடும். திரும்ப முதலிலிருந்து ஏற்ற வேண்டும். எனவே இடையில் நின்று "கண் முழிக்கிறாரா" என்று பார்க்க வேண்டாம். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். அடுத்தவர் எதிர்ப்பக்கம் தயாராக முழங்கால் போட்டிருந்தால் சில விநாடியில் மாறிவிடலாம்.

வாயோடு வாய் வைத்து ஊத வேண்டுமா? கண்முன்னே திடீரென்று விழுந்த பெரியவர் என்றால், பயிற்சி இல்லாதவர் ஊதத் தேவையில்லை. இந்திய மயக்கவியல் மருத்துவர்கள் சங்கம் 2017-இல் பொதுமக்களுக்கென்று வெளியிட்ட முறையும் அழுத்துவதை மட்டுமே சொல்கிறது. பயிற்சி பெற்றவர் 30 அழுத்தம், 2 ஊதல் என்று செய்யலாம்.

நீரில் மூழ்கியவர்களும் குழந்தைகளும் இதற்கு விதிவிலக்கு. அவர்களுக்குப் பெரும்பாலும் மூச்சு நின்றுதான் இதயம் நிற்கிறது. அதனால் ரத்தத்தில் ஆக்சிஜனே இருக்காது. கிணற்றிலிருந்தோ குளத்திலிருந்தோ தூக்கியவுடன் தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்து, நெஞ்சு எழும்பும்படி முதலில் ஊதுங்கள். அப்புறம் அழுத்தத் தொடங்குங்கள். தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது கூடாது. குழந்தைகளுக்கு நெஞ்சின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு அமுங்கினால் போதும். ஒரு வயதுக்குட்பட்ட கைக்குழந்தைக்கு அது சுமார் 4 செ.மீ. இரு கைகளாலும் நெஞ்சைச் சுற்றிப் பிடித்து இரண்டு கட்டைவிரல்களால் அழுத்தலாம். நிறைமாதக் கர்ப்பிணிக்கும் அதே இடம், அதே ஆழம். கூட ஒருவர் இருந்தால் வயிற்றை இரு கைகளாலும் அந்தப் பெண்ணின் இடப்பக்கமாக ஒதுக்கிப் பிடிக்கட்டும்.

பெண்கள் விழுந்தால் நெஞ்சில் கைவைக்க ஆண்கள் தயங்குகிறார்கள். பொது இடங்களில் பெண்களுக்குச் சி.பி.ஆர். கிடைப்பது குறைவு என்று வெளிநாட்டு ஆய்வுகளே காட்டுகின்றன, நம் ஊரில் கேட்கவே வேண்டாம். பக்கத்தில் இருக்கும் பெண்களைச் சுற்றி நின்று மறைக்கச் சொல்லுங்கள். புடவைக்கு மேலேயே அழுத்தலாம். தயங்கி நிற்காதீர்கள்.

ஆட்டோவில் தூக்கிப்போடுவது பற்றி

நம் ஊரில் முதலில் தோன்றுவது இதுதான்: நான்கு பேர் சேர்ந்து மடக்கி ஆட்டோவில் ஏற்றி, மடியில் சாய்த்துக்கொண்டு பறப்பது. பாசத்தில் செய்வதுதான். ஆனால் ஏற்றும் நேரம், போகும் நேரம் முழுக்க மூளைக்கு ரத்தமே இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் இருந்தால் ஒழிய, இருக்கும் இடத்திலேயே அழுத்திக்கொண்டு ஆம்புலன்ஸை வரவழைப்பதே நல்லது. ஆம்புலன்ஸ் வர வழியே இல்லாத மலைக் கிராமம் என்றால், தட்டையாகப் படுக்கவைக்க இடமுள்ள வண்டியில் ஏற்றி, ஒருவர் வழிநெடுக அழுத்திக்கொண்டே வரட்டும்.

ஏ.இ.டி. கிடைத்தால்

திடீரென்று நின்ற இதயங்களில் பல முழுமையாக நிற்பதில்லை. ஒழுங்கில்லாமல் நடுங்கிக்கொண்டிருக்கும். அந்த நடுக்கத்தை நிறுத்துவது மின் அதிர்ச்சிதான். ஒவ்வொரு நிமிடத் தாமதத்துக்கும், சி.பி.ஆரும் இல்லையென்றால், பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. விமான நிலையங்கள், பெரிய மால்கள், ஐ.டி. வளாகங்களில் சுவரில் மாட்டியிருக்கும் இதயம்-மின்னல் படம் போட்ட பெட்டிதான் இந்த மின் அதிர்ச்சியைத் தரும் ஏ.இ.டி. உங்கள் அலுவலகத்தில் அது எங்கே இருக்கிறது என்று இன்றே கேட்டுவையுங்கள்.

பெட்டியைத் திறந்து ஆன் செய்தால் அதுவே பேசும். பேச்சு புரியாவிட்டாலும், நெஞ்சில் ஒட்டும் இரண்டு பட்டைகளின் (பேட்) மேலேயே படம் இருக்கும். ஒன்று வலது காறை எலும்புக்குக் கீழே, இன்னொன்று இடது அக்குளுக்குக் கீழே பக்கவாட்டில். நெஞ்சைத் துடைத்துவிட்டு, வெறும் தோலில் ஒட்ட வேண்டும். தாலிச் சங்கிலியைக் கழற்ற வேண்டியதில்லை. பேட் மேல் படாமல் ஒதுக்கினால் போதும். ஒருவர் ஒட்டும்போதும் மற்றவர் அழுத்திக்கொண்டே இருக்கலாம். கருவி இதயத்தை ஆராயும்போதும் ஷாக் கொடுக்கும்போதும் மட்டும் யாரும் தொடக்கூடாது. ஷாக் முடிந்த அடுத்த நொடி திரும்ப அழுத்த வேண்டும். நடுக்கம் இல்லாத இதயத்துக்கு அந்தக் கருவி ஷாக் கொடுக்காது, அதனால் பயப்பட ஒன்றுமில்லை.

2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் ஃபின்லாந்துக்கு எதிரான யூரோ கோப்பை ஆட்டத்தில் டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் முதல் பாதி முடியும் முன்பே சரிந்து விழுந்தார். மைதானத்திலேயே சி.பி.ஆர்., ஒரே ஒரு ஷாக். நினைவு திரும்பிய நிலையில்தான் ஸ்ட்ரெச்சரில் வெளியே போனார். சக வீரர்கள் அவரைச் சுற்றி முதுகைக் காட்டி நின்று மறைத்தார்கள். கூட்டம் கூடும்போது நாமும் செய்யக்கூடியது அது.

எப்போது நிறுத்துவது

அவர் அசைந்து, சீராக மூச்சுவிட ஆரம்பித்தால். ஆம்புலன்ஸ் ஊழியர் பொறுப்பேற்றால். அல்லது இனி முடியவே முடியாது என்ற நிலை வந்தால். மூச்சு திரும்பினால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, கண்ணை எடுக்காமல் பாருங்கள். திரும்ப நின்றுபோகலாம்.

ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கு மூன்று தகவல் சொல்லுங்கள்: எப்போது விழுந்தார், யாராவது பார்த்தார்களா, எப்போது அழுத்த ஆரம்பித்தீர்கள். பின்னால் ஐ.சி.யூ. மருத்துவர்களும் இதைத்தான் கேட்பார்கள். ஊசி மருந்து வந்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்று நினைப்போம். பிரிட்டனில் எண்ணாயிரம் பேரிடம் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், அட்ரினலின் ஊசி பெற்றவர்களில் 3.2 சதவீதமும் பெறாதவர்களில் 2.4 சதவீதமும் 30 நாளைத் தாண்டினார்கள். மூளை நல்ல நிலையில் பிழைத்தவர்கள் எண்ணிக்கையில் தெளிவான வித்தியாசம் இல்லை. மூளையைக் காப்பாற்றுவது முதல் நிமிடங்களின் அழுத்தமும் ஷாக்கும்தான்.

ஐ.சி.யூ. நாட்கள்

துடிப்பு திரும்பியது என்று சொன்னதும் குடும்பம் மூச்சுவிடும். ஆனால் சிகிச்சையின் இரண்டாம் பாதி அப்போதுதான் தொடங்குகிறது. பெரும்பாலானவர்கள் நினைவில்லாமல், வென்டிலேட்டரில் இருப்பார்கள். குழாய் அடைப்புதான் காரணம் என்று இ.சி.ஜி. காட்டினால் உடனே ஆஞ்சியோவும் ஸ்டென்ட்டும். ரத்த அழுத்தம், ஆக்சிஜன், சர்க்கரை, வலிப்பு எல்லாவற்றையும் கவனிப்பார்கள்.

காய்ச்சல் வராமல் பார்ப்பது முக்கியம். 2002-இல் வந்த ஆய்வுகளுக்குப் பிறகு உடலை 32–34 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்விப்பது வழக்கமாக இருந்தது. 2021-இல் வந்த பெரிய ஆய்வு, 33 டிகிரிக்குக் குளிர்விப்பதால் கூடுதல் பலன் இல்லை என்று காட்டியது. அதன் பிறகு பல இடங்களில் சூடு 37.5-ஐத் தாண்டாமல் பார்ப்பதே குறிக்கோள். ஆகவே ஒரு மருத்துவமனையில் குளிர்வித்து, இன்னொன்றில் குளிர்விக்கவில்லை என்றால் யாரோ தவறு செய்கிறார்கள் என்று எண்ண வேண்டாம்.

"நினைவு திரும்புமா?" என்ற கேள்விக்கு முதல் நாளில் யாராலும் பதில் சொல்ல முடியாது. இதயம் நின்று குறைந்தது 72 மணி நேரம் கழித்து, தூக்க மருந்தின் தாக்கம் போன பிறகே மதிப்பிட வேண்டும். கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா, மூளையின் மின் அலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி. என்ன சொல்கிறது, ஸ்கேனில் மூளை வீக்கம் உண்டா என்று பலவற்றைச் சேர்த்துப் பார்ப்பார்கள். ஒரே ஒரு அறிகுறியை வைத்து யாராவது முதல் நாளே கைவிரித்தால், "72 மணி நேரம் ஆகிவிட்டதா, தூக்க மருந்து எப்போது நிறுத்தினீர்கள்?" என்று தயங்காமல் கேளுங்கள். ஒரு வாரம் கழித்துக் கண் திறப்பவர்களும் உண்டு. அதேபோல, எல்லாச் சோதனைகளும் ஒரே திசையைக் காட்டினால் மருத்துவர் சொல்வதை ஏற்கத் தயாராகவும் இருக்க வேண்டும். குடும்பத்தில் ஒருவர் மட்டும் மருத்துவரிடம் தினமும் பேசி, நோட்டில் எழுதிவைத்து மற்றவர்களுக்குச் சொல்வது நல்ல ஏற்பாடு.

வீட்டுக்கு வந்த பிறகு

டிஸ்சார்ஜ் அட்டையில் மாத்திரை இருக்கும், மறுபடி வர வேண்டிய தேதி இருக்கும். அவர் ஏன் ஒரே கேள்வியைக் காலையிலிருந்து பத்து முறை கேட்கிறார் என்பது இருக்காது. பலருக்குப் புதிய நினைவுகள் தங்குவது கடினமாகும். விழுந்த நாளும் அதற்கு முந்தைய சில நாட்களும் சுத்தமாக மறந்திருக்கும். கவனம் சிதறும், சட்டென்று கோபம் வரும். குளித்துவிட்டு வந்தாலே இரண்டு மணி நேரம் படுக்க வேண்டியிருக்கும். இதைச் சோம்பல் என்றோ குணம் மாறிவிட்டது என்றோ சொல்லாதீர்கள். ஆக்சிஜன் இல்லாமல் தவித்த மூளை தேறிக்கொண்டிருக்கிறது. முன்னேற்றத்தில் பெரும்பகுதி முதல் மூன்று முதல் ஆறு மாதத்தில் வரும், அதற்குப் பிறகும் மெதுவாகத் தொடரும்.

காலண்டரில் பெரிய எழுத்தில் அன்றைய வேலைகளை எழுதுங்கள். மாத்திரைகளைக் காலை, மதியம், இரவு என்று பிரித்த டப்பாவில் போடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலை. நலம் விசாரிக்க வருபவர்கள் கால்மணி நேரத்தில் கிளம்பட்டும். குளியலறைத் தாழ்ப்பாளை மட்டும் கொஞ்ச நாள் போட வேண்டாம். நெஞ்செலும்பு வலி சில வாரம் இருக்கும். இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டால் வலி குறையும். சளியோடு காய்ச்சல் வந்தால் தாமதிக்காமல் காட்டுங்கள்.

ஸ்டென்ட் வைத்தவர் ரத்தத்தை இளக்கும் மாத்திரையைத் தானாக நிறுத்தவே கூடாது. விரதம், பல் பிடுங்குவது, நாட்டு மருந்து தொடங்குவது என்று எந்தக் காரணமாக இருந்தாலும் இதய மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான். நடை, படி ஏறுவது, வேலைக்குத் திரும்புவது, தாம்பத்தியம், வண்டி ஓட்டுவது எல்லாம் எப்போது என்று வெட்கப்படாமல் கேளுங்கள். இதய மறுவாழ்வுப் பயிற்சி உள்ள மருத்துவமனை என்றால் சேர்ந்துவிடுங்கள்.

மறுபடி நடக்கும் ஆபத்து உள்ளவர்களுக்கு ஐ.சி.டி. என்ற கருவியைத் தோலுக்கடியில் வைப்பார்கள். துடிப்பு தவறினால் அது உள்ளிருந்தே ஷாக் கொடுக்கும். ஒரு ஷாக் வந்து, பிறகு உடம்பு சரியாக இருந்தால் அன்றே மருத்துவரிடம் பேசுங்கள். ஒரே நாளில் இரண்டு வந்தாலோ மயக்கம் இருந்தாலோ 108. செல்போனைச் சட்டைப் பையில் வைக்காமல் 15 செ.மீ. தள்ளி வையுங்கள். இண்டக்‌ஷன் அடுப்பிலிருந்து இரண்டடி விலகி நில்லுங்கள். எரிக்சனுக்கும் இந்தக் கருவிதான் வைத்தார்கள். இத்தாலி விதி அதோடு விளையாட அனுமதிக்காததால் இன்டர் மிலானை விட்டு விலகி, 2022 பிப்ரவரியில் இங்கிலாந்தின் ப்ரென்ட்ஃபோர்டு அணிக்காகக் களமிறங்கினார்.

குழாய் அடைப்பு இல்லாமல் இளவயதில் இதயம் நின்றது என்றால், பரம்பரைக் கோளாறாக இருக்கலாம். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் எல்லோரும் இ.சி.ஜி., எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் டிஸ்சார்ஜுக்கு முன்பே சி.பி.ஆர். கற்றுக்கொள்வதும் நல்லது.

பக்கத்தில் இருந்தவருக்கும் கவனிப்பு வேண்டும்

பிழைத்தவருக்கு ஒன்றும் நினைவில்லை. அழுத்திய மனைவிக்கோ மகனுக்கோ எல்லாம் நினைவிருக்கும். இரவில் எழுந்து அவர் மூச்சு வருகிறதா என்று பார்ப்பார்கள். வெளியூர் போகப் பயப்படுவார்கள். அழுத்தியும் பிழைக்கவில்லை என்றால் சுமை இன்னும் கூடும். நன்றாகச் செய்தும் பலர் பிழைப்பதில்லை என்பது கசப்பான உண்மை. "இன்னும் வேகமாக அழுத்தியிருந்தால்" என்று அவர்கள் தங்களையே குற்றம் சொல்லிக்கொள்வார்கள். அந்த நேரத்தில் "நீங்க அங்க கூட்டிட்டுப் போயிருக்கலாமே" என்று உறவினர் யாரும் ஆரம்பிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிகிச்சை செய்த மருத்துவரிடம் ஒருமுறை உட்கார்ந்து என்ன நடந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது பலருக்கு உதவும். தூக்கமின்மையும் திரும்பத் திரும்ப வரும் அந்தக் காட்சியும் ஒரு மாதம் தாண்டியும் விடவில்லை என்றால் மனநல உதவி தேவை. இந்திய அரசின் டெலி மானஸ் எண் 14416, கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.